கொடுவாவுக்கு எத்தனை அடித் தொட்டி?

இந்த இதழில் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நெல், வேர்க்கடலை பற்றிக் கேட்டிருந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கேள்விகள் அடுத்த இதழில் வரும். இந்தக் கடிதத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் அதன் கடைசி வரியில் இருக்கிறது.

கேள்வி: "ஐயா, எங்களுக்குத் திருப்பாலைவனத்தில் பழவேற்காடு போகும் சாலையோரம் டிபன் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் வீடும் முக்கால் ஏக்கர் நிலமும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி பார்க்கப் போகிறவர்கள் கடையில் நிற்கிறார்கள். பழவேற்காட்டில் இருக்கும் என் மாமா, வலையில் கிடைத்த ஒரு கொடுவாக் குட்டியை உயிரோடு கொண்டுவந்து கொடுத்தார். ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கும். இப்போது தண்ணீர் டிரம்மில் விட்டிருக்கிறேன், உயிர் இறால் போட்டால் சாப்பிடுகிறது. இதைக் கண்ணாடித் தொட்டியில் வைத்தால் பார்ப்பதற்கென்றே ஆட்கள் கடைக்கு வருவார்கள் என்று தோன்றுகிறது. சென்னையில் ஒரு தொட்டிக் கடைக்காரர் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி, ஸ்டாண்டு, மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்து 48 ஆயிரம் ரூபாய் ஆகும் என்கிறார். இந்த அளவு போதுமா? மீன் எத்தனை வருடம் இருக்கும்? அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கலாம் என்று இருக்கிறேன்." (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: தம்பி, வளையல் இன்னும் அம்மா கையில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும். அந்தத் தொட்டி போதாது. ஆனால் கொடுவாவை வளர்க்கவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை. வேறு விதமாக, குறைந்த செலவில் செய்யலாம். அதற்கு முன் ஏன் போதாது என்ற கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். நாளைக்கு வேறொரு கடைக்காரர் ஐந்தடித் தொட்டியோடு வருவார். அவருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் வேளாண்மை படித்தவன், மீன் என் பாடம் அல்ல. மீன்வளத் துறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆனால் இதன் முதல் பாடம் விவசாயிக்குத் தெரிந்ததுதான். தென்னங்கன்று நடும்போது கன்று உங்கள் இடுப்புயரம்கூட இருக்காது. ஆனாலும் 25 அடி இடைவெளி விடுகிறோம். கன்றைப் பார்த்தா விடுகிறோம்? மரத்தைப் பார்த்து விடுகிறோம். தொட்டிக்கும் அதே கணக்குதான்.

உங்கள் டிரம்மில் இருப்பது ஒரு சாணுக்கு மேல் என்றால் 25 செ.மீ., எடை 200 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கொடுவா வேகமாக வளரும் மீன். குளத்தில் நல்ல தீனி போட்டு வளர்ப்பவர்கள் ஓராண்டில் ஒரு கிலோவை ஒட்டி எடுக்கிறார்கள். ஒரு கிலோ மீன் என்றால் ஒன்றரை அடி நீளம். 3 கிலோ வந்தால் 2 அடி. அதற்கு மேலும் வளரும். ஆள் உயரத்துக்கு வளர்ந்த கொடுவாக்களும் உண்டு, உங்கள் மாமாவைக் கேட்டால் சொல்வார். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் 2 அடி மீன் திரும்புவதற்கே உடம்பை வளைக்க வேண்டும். மாட்டை அதன் நீளமே உள்ள கொட்டிலில் கட்டிப்போட்டு வருஷம் முழுக்க வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் மீன் வளரும்" என்று தொட்டி விற்பவர்கள் சொல்வார்கள். இதைப் பலர் நம்புகிறார்கள். சிறிய தொட்டியில் வளர்ச்சி குறைவது உண்மை. ஆனால் மீன் இடத்தை அளந்து பார்த்து நிறுத்திக்கொள்வதில்லை. தன் கழிவிலேயே கிடந்து, தின்னாமல், நலிந்துபோவதால் வளர்ச்சி குறைகிறது. தண்ணீர் தேங்கிய வயலில் பயிர் மஞ்சளாகிக் குட்டையாக நிற்கும். அதை யாராவது குட்டை ரகம் என்று சொல்வோமா?

இப்போது கணக்கு. அடியில் அளந்த நீளம், அகலம், தண்ணீரின் உயரம் மூன்றையும் பெருக்குங்கள். வரும் எண்ணை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். உங்கள் தொட்டி 4 x 1.5 x 1.5 = 9 கன அடி, அதாவது 255 லிட்டர். அதுவும் விளிம்பு வரை நிரப்பினால்தான். மேலே இடைவெளி விட்டு, கீழே மணல் போட்டால் 230 லிட்டர் மிஞ்சும்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு இரண்டு வழியில் பார்க்கலாம். முதல் வழி மீனின் நீளம். வளர்ந்த மீனைப் போல் நாலைந்து மடங்கு நீளமும் இரண்டு மடங்கு அகலமும் தொட்டிக்கு இருக்க வேண்டும் என்பது என் நண்பர் வைத்திருக்கும் கணக்கு. 2 அடி மீனுக்கு 10 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி தண்ணீர். பெருக்கினால் 120 கன அடி, கிட்டத்தட்ட 3,400 லிட்டர்.

இரண்டாவது வழி மீனின் எடை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிபா என்பார்கள்) ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தியாவில் முதன்முதலாக 1997-ல் கொடுவாவைச் செயற்கை முறையில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தவர்கள் அவர்கள்தான். அங்கே தாய் மீன்களை நூறு டன் தண்ணீர் கொள்ளும் சிமெண்ட் தொட்டிகளில் வைக்கிறார்கள். தாய் மீனுக்கு ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மீன் என்பது வழக்கமான அளவு. ஒரு கன மீட்டர் என்றால் ஆயிரம் லிட்டர். 3 கிலோ மீனுக்கு 3,000 லிட்டர். நீளத்தைக் கொண்டு பார்த்தாலும் எடையைக் கொண்டு பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம்.

(ஒரு வேடிக்கையான செய்தி. கொடுவா முதலில் ஆணாக இருந்து, வளர்ந்து பல கிலோ எடை வந்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே "பெரிய ஆண் கொடுவா" என்று யாராவது அதிக விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.)

நீங்கள் கேட்கலாம்: கூண்டில் வளர்ப்பவர்கள் ஒரு கன மீட்டருக்கு 10 கிலோ, 15 கிலோ என்று விடுகிறார்களே, அது எப்படி? நியாயமான கேள்வி. கூண்டில் தண்ணீர் நிற்பதில்லை. ஏற்றமும் வற்றமும் நாள் முழுக்கப் பழைய தண்ணீரைக் கொண்டுபோய்ப் புதியதைக் கொண்டுவருகின்றன. அந்த வேலைக்கு மின்கட்டணம் கிடையாது. உங்கள் தொட்டியில் அந்த வேலை முழுவதும் ஒரு சின்ன மோட்டார் தலையில் விழுகிறது.

கழிவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், தொட்டிக் கடையில் இதை யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு கிலோ கொடுவாவுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம் அளவுக்கு மத்தித் துண்டு போடுகிறீர்கள் என்று வையுங்கள். தின்ற புரதத்தின் ஒரு பகுதி செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வரும். இந்தத் தீனிக்கு அது அரை கிராம் அளவு. 230 லிட்டரில் அரை கிராம் கலந்தால் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல். ஒரே நாளில்! லிட்டருக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். உப்புத் தண்ணீரில் காரத்தன்மை கூடுதலாக இருப்பதால் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். அதே மீன் 3,400 லிட்டரில் இருந்தால் அதே அரை கிராம் பதினைந்தில் ஒரு பங்காக நீர்த்துப்போகும். வடிகட்டியில் வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். வயலில் யூரியாவுக்கு நடக்கும் அதே வேலைதான். ஆனால் புதுத் தொட்டியில் அவை பெருகிப் பலம் பெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இன்று தொட்டி வாங்கி, இன்றே தண்ணீர் ஊற்றி, இன்றே மீனை விட்டால் பத்தாம் நாள் மீன் தண்ணீர்ப் பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலோரப் பகுதி ஒன்றில் இருந்தபோது, எனக்கும் இதே ஆசை வந்தது. மீனவர் ஒருவர் கொடுத்த களவாக் குஞ்சை இரண்டடித் தொட்டியில் விட்டு, அறையில் வைத்திருந்தேன். கையில் இருந்து இரை வாங்கித் தின்னும் அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். இரவு மின்சாரம் நின்றிருக்கிறது. ஞாயிறு மாலை திரும்பியபோது பக்கவாட்டில் கிடந்தது. மீன் செத்ததைவிட, அது என்னை நம்பி இரை வாங்கியதுதான் பல நாள் நினைவில் நின்றது. அதன்பின் நான் தொட்டி வைக்கவில்லை.

ஆகவே மின்சாரத்தைப் பற்றியும் யோசியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை நம் மாவட்டத்தை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும். காற்று மோட்டார் நின்றால், 230 லிட்டரில் ஒரு கிலோ மீனுக்கு இருக்கும் ஆக்சிஜன் மூன்று நாலு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். 3,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தால் அதே மீன் இரவு முழுவதும் தாக்குப்பிடிக்கும், காலையில் நீங்கள் வாளியால் மொண்டு மொண்டு ஊற்றியாவது காப்பாற்றலாம். பெரிய தொட்டியில் தண்ணீரே உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தருகிறது. எந்தத் தொட்டியாக இருந்தாலும் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று கைவசம் வேண்டும்.

இனி என் துறைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த முக்கால் ஏக்கர்தான்.

வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கால் பங்காவது மாற்ற வேண்டும். பெரிய தொட்டி என்றால் வாரத்துக்கு 800 முதல் 1,000 லிட்டர் வெளியே போகும். அது உப்புத் தண்ணீராக இருந்தால் எங்கே போகும்? கடைக்குப் பின்னால், உங்கள் நிலத்திலோ பக்கத்து வயலிலோதான். ஏரித் தண்ணீர் ஆயிரத்துக்குப் பத்துப் பங்கு உப்பு இருந்தாலே அதன் இ.சி. 17-ஐ ஒட்டி வரும். மண்வள அட்டையில் பார்த்திருப்பீர்கள்: வயல் மண்ணில் இ.சி. 3-ஐத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். வாரம் ஆயிரம் லிட்டர் என்றால் 10 கிலோ உப்பு, வருஷத்துக்கு அரை டன். 1990-களில் இறால் பண்ணைகள் வேகமாக வந்தபோது கடலோரத்தில் எத்தனை வயல், எத்தனை கிணறு உப்பாகிப் போனது என்பது ஊரில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு தொட்டி அவ்வளவு கெடுக்காது என்று சொல்லலாம். ஆனால் ஒரே மூலையில், ஒரே வாய்க்காலில், ஐந்து வருஷம் ஊற்றினால் அந்த மூலையில் புல்கூட முளைக்காது. பக்கத்து வயல்காரரோடு சண்டையும் மிஞ்சும்.

இங்கேதான் கொடுவா நமக்கு உதவி செய்கிறது. உப்பு நீர் மீன் என்று பெயரே தவிர, அது நல்ல தண்ணீரிலும் நன்றாக வாழும். ஆற்றிலும் ஏரியிலும் வளர்ந்து, முட்டையிட மட்டும் கடல் பக்கம் போகிற மீன் அது. பழவேற்காடு ஏரியிலேயே பாருங்கள்: வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வந்தால் உப்பு இறங்கிவிடும், கோடையில் முகத்துவாரம் மண் மூடினால் ஏறிவிடும். இரண்டையும் தாங்கித்தான் கொடுவா அங்கே இருக்கிறது. ஆந்திராவில் நல்ல தண்ணீர்க் குளங்களிலேயே வளர்க்கிறார்கள். ஆகவே கடல் தண்ணீரை டேங்கரில் கொண்டுவர வேண்டாம், உப்புப் பாக்கெட்டும் வாங்க வேண்டாம். இப்போது டிரம்மில் இருப்பது ஏரித் தண்ணீர் என்றால், தினமும் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுங்கள். மூன்று வாரத்தில் மீன் பழகிவிடும். கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் முதல் நாளே பிடித்துக் காற்று விட்டு வைத்துப் பிறகு ஊற்ற வேண்டும். களவாவிடமோ கடல் விராலிடமோ இந்த வித்தையைக் காட்டாதீர்கள், அவை தாங்காது. கடல் விரால் ஓராண்டிலேயே 3 கிலோவைத் தாண்டும், அது வீட்டுக்கான மீனே அல்ல.

உப்பு இல்லாத தண்ணீரில் வளர்த்தால், வாரம் மாற்றும் தண்ணீர் உரத் தண்ணீர். அதில் நைட்ரேட் இருக்கிறது. தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம். உப்புத் தண்ணீராக இருந்தால் இடைஞ்சலாகியிருக்கும் அதே தண்ணீர் இப்போது நிலத்துக்கு வரவாகிறது.

தொட்டிக்கு வருவோம். 3 அடி உயரத் தண்ணீரைத் தாங்கும் கண்ணாடி தடிமனாக இருக்க வேண்டும், விலையும் ஏறும். கண்ணாடியை அழுத்துவது தண்ணீரின் உயரம். நீளம் கூடினால் பலகை வளையும். உங்களுக்குக் கண்ணாடி வேண்டாம். வீட்டுக்குப் பின்னால், மரநிழலில் அல்லது கீற்றுக் கொட்டகையில், தரையிலேயே 8 அடி விட்டமுள்ள வட்டத் தொட்டி வையுங்கள். சிமெண்ட் உறை, ஃபைபர், இரும்புக் கம்பி வலை கட்டி உள்ளே தார்ப்பாய் விரித்தது, எதுவானாலும் சரி. 3 அடி தண்ணீர் நிறுத்தினால் 4,200 லிட்டருக்கு மேல் வரும். வட்டத் தொட்டியில் மீன் மூலையில் முட்டாமல் சுற்றிச் சுற்றி நீந்தும், தண்ணீரைச் சுழல விட்டால் கழிவெல்லாம் நடுவில் சேரும், அங்கே ஒரு வடிகால் குழாய் வைத்துவிடலாம். அந்தத் தண்ணீர் மட்டும் நாலு டன்னுக்கு மேல் எடை. மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். புதிய சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்புக் காரம் இறங்க இரண்டு மூன்று முறை நிரப்பி வடிக்க வேண்டும். சுவர் தண்ணீருக்கு மேல் ஓரடி உயர்ந்திருக்கட்டும், மேலே வலையும் போடுங்கள். கொடுவா துள்ளும், காலையில் தரையில் கிடக்கும்.

இவ்வளவு பெரிய தொட்டி முடியாது என்றால் இன்னொரு வழி. ஒரு கிலோ வரை மட்டும் வளர்த்து எடுத்துவிடுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அதற்கு ஆறரை அடி நீளம், 3 அடி அகலம், இரண்டரை அடி தண்ணீர் போதும், 1,300 லிட்டர் சொச்சம். எடை வந்ததும் மீனை எடுத்துவிடுங்கள். கொடுவா நம் ஊரில் சாப்பாட்டு மீன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "இன்னும் ஒரு மாதம்" என்று தள்ளிப்போடுவதில்தான் தொட்டி சிறியதாகிப் போகும்.

துணைக்கு இன்னொரு கொடுவாவை விட ஆசைப்பட்டால், இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள தம்பியைக்கூட விழுங்கிவிடும் இனம் இது. குஞ்சு வளர்ப்பவர்கள் சில நாளுக்கு ஒருமுறை அளவு பிரித்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

கடை வாசலில் பார்க்க ஒன்று வேண்டும் என்கிறீர்கள். அது நியாயம்தான், பின்னால் வட்டத் தொட்டியில் இருப்பதை மேலிருந்துதான் பார்க்க முடியும். வாசலுக்கு 3 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரக் கண்ணாடித் தொட்டி போதும், 130 லிட்டர் வரும். அதில் செல்லக்காசு விடுங்கள். மூன்று அங்குலத்துக்கு மேல் வளராது, மஞ்சள் நிறம், ஏரிப் பக்கமே கிடைக்கும், உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழும். எட்டு மீன் விடலாம். ஜோடி சேர்ந்தால் முட்டையையும் குஞ்சையும் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் காப்பதைக் குழந்தைகள் விட்டு நகரமாட்டார்கள். மாமாவிடம் கடற்குதிரை மட்டும் கேட்காதீர்கள். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது, வைத்திருந்தாலே வழக்கு வரும்.

எத்தனை வருடம் இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். நல்ல தண்ணீரும் இடமும் கிடைத்தால் கொடுவா பத்து வருடத்துக்கு மேலும் வாழும் மீன். 4 அடித் தொட்டியில் ஒரு வருடம் தாண்டினால் ஆச்சரியம்.

இப்போது செய்ய வேண்டியது: மீனை டிரம்மிலிருந்து எடுத்து, கிடைக்கிற பெரிய சிமெண்ட் தொட்டிக்கு மாற்றிக் காற்று விடுங்கள். தினமும் ஒருவேளை, பத்து நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும் தீனி. உயிர் இறாலிலிருந்து வெட்டிய மீன் துண்டுக்குப் பழக்குங்கள், நூலில் கட்டி ஆட்டினால் வந்து கவ்வும். ஒரு பாட்டிலில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து இ.சி. பாருங்கள். கடலோர நிலம், கிணற்று நீரிலேயே உப்பு இருந்தாலும் இருக்கும். அப்படி இருந்தால் மாற்றும் தண்ணீரை எந்தப் பயிருக்கு விடலாம் என்பது மாறும். அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். அது வரும்வரை தொட்டிக் கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.